குடும்பப் பார்க்கிங்கில் யார் நிறுத்தலாம்? தப்பாக நிறுத்தியவரிடம் எதாவது சொல்லலாமா?

கைக்குழந்தை அப்பா:

வணக்கம். பெரிய கடைகளில் வாசலுக்குப் பக்கத்தில் தள்ளுவண்டி படமோ குழந்தை படமோ வரைந்து, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே கொஞ்சம் தாராளமாக இடம் விட்டு வைத்திருப்பார்களே, அந்தக் குடும்பப் பார்க்கிங் பற்றித்தான் கேட்கிறேன். இந்த விஷயத்தில் என் மனைவிக்கும் எனக்கும் ஒத்துப்போகவே இல்லை.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். சின்னவள் கைக்குழந்தை, பின்பக்கம் பார்த்த மாதிரி மாட்டுகிற சீட்டில் இருக்கிறாள். பெரியவனுக்கு மூன்று வயது, கதவைத் திறந்தால் போதும், ஓடப் பார்ப்பான். விடுமுறை நாளில் கடைக்குப் போனால் அந்த இடங்கள் நிரம்பித்தான் இருக்கும். பிள்ளைகளோடு வந்தவர்கள் நிறுத்தியிருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஒரு சுற்று சுற்றி வேறு இடம் பார்த்துக்கொள்வோம். ஆனால் சமீபத்தில் நாங்கள் காத்துக்கொண்டு நிற்கும்போதே ஒருவர் எதிர்ப்பக்கமாக வந்து சட்டென்று உள்ளே விட்டார். காரில் அவரைத் தவிர யாரும் இல்லை, பின்சீட்டில் குழந்தை சீட்டும் இல்லை. போனைப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டார். நான் கண்ணாடியை இறக்கினேன், மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளைங்க முன்னாடி சண்டை வேண்டாம், விடுங்க" என்றாள்.

அப்புறம் தூரத்தில் ஒரு சாதாரண இடம் கிடைத்தது, இரண்டு பக்கமும் அகலமான உயரமான கார்கள். சின்னவளை சீட்டோடு தூக்கி வெளியே எடுக்கிற அளவுக்குக் கதவு திறக்கவே இல்லை. மறுபடி காரை வெளியே எடுத்து, வண்டிகள் போகிற வழியிலேயே நிறுத்தி, நான்கு பக்க விளக்கையும் போட்டுவிட்டுப் பிள்ளைகளை இறக்கினோம். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது, வழியை அடைத்தது நாங்கள்தானே.

நான் கேட்பது இதுதான். இப்படி நிறுத்துகிறவரிடம் நேரடியாகச் சொல்வது சரியா, இல்லை மனைவி சொல்வது போல விட்டுவிட வேண்டுமா? இன்னொன்றும் இருக்கிறது. என் அக்கா மகனுக்கு ஒன்பது வயது, அவர்களும் அங்கேதான் நிறுத்துகிறார்கள், "குடும்பம்னுதானே போட்டிருக்கு" என்கிறார்கள். அது சரியா? நான் மட்டும் தனியாகப் போகும்போது பின்னால் இரண்டு காலி சீட் இருக்கிறது என்பதற்காக நிறுத்தலாமா? நான் நிறுத்துவதில்லை, ஆனால் நிறுத்துகிறவர்களைப் பார்க்கிறேன். பொதுவாக எது முறை என்று நினைக்கிறீர்கள்?

நிலாமதி:

இரட்டைக் குழந்தைகளின் அம்மா நான், இந்த விஷயத்தில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் பேசிவிடலாம். இந்த இடங்களைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் "வாசலுக்குப் பக்கத்தில் சொகுசாக நிறுத்த உங்களுக்கு என்ன உரிமை, பிள்ளை பெற்றால் நடக்க முடியாதா" என்று யாராவது கேட்பார்கள். நடக்க முடியும், நன்றாகவே நடப்போம். எனக்கு வாசல் பக்கத்தில் வேண்டாம். எனக்கு வேண்டியது கதவு முழுதாகத் திறக்கிற அகலம். கடையின் கடைக்கோடியில் கொண்டுபோய் வைத்தாலும் சந்தோஷமாக அங்கே நிறுத்துவேன், அகலமாக இருந்தால் போதும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பல இடங்களில் ஒரு சாதாரண பார்க்கிங் கட்டத்தின் அகலம் 2.4 மீட்டர். ஐரோப்பாவில் விற்கிற புதுக் கார்களின் சராசரி அகலம் 2018-ல் 177.8 செ.மீ., 2023-ன் முதல் பாதியில் 180.3 செ.மீ. என்று போக்குவரத்து, சுற்றுச்சூழல் பற்றி ஆய்வு செய்யும் டி அண்ட் இ அமைப்பு 2024 தொடக்கத்தில் வெளியிட்டது. இரண்டு வருஷத்துக்கு ஒரு செ.மீ. என்ற கணக்கில் கார்கள் விரிந்துகொண்டே போகின்றன, கோடுகள் மட்டும் போட்ட இடத்திலேயே இருக்கின்றன. இதில் பக்கக் கண்ணாடிகள் சேராது. இரண்டு கார்களும் கட்டத்தின் நட்ட நடுவில் நிற்கிறது என்றே வைத்துக்கொள்வோம், நடுவில் மிஞ்சுவது 60 செ.மீ. அதில் கதவின் தடிமனும் போக வேண்டும், நானும் நிற்க வேண்டும். பக்கத்து கார் கொஞ்சம் கோணலாக நின்றால் அதுவும் இல்லை.

இப்போது கைக்குழந்தையை இறக்குகிற வேலையைப் பாருங்கள். பின்பக்கம் பார்த்த சீட்டில் குழந்தையின் முகம் காரின் பின்புறம் இருக்கும், அதனால் நான் கதவுக்குள் இடுப்புவரை போய், உடம்பைத் திருப்பி, பெல்ட்டை அழுத்திக் கழற்றி, குழந்தையின் தலைக்குப் பின்னால் ஒரு கை, முதுகுக்குக் கீழே ஒரு கை கொடுத்து, மேற்கூரையில் தலை இடிக்காமல் வளைத்து எடுக்க வேண்டும். சீட்டோடு எடுப்பதென்றால் இன்னும் அகலம் வேண்டும், கைப்பிடி வைத்த அந்தக் கூடை மட்டுமே நாலைந்து கிலோ வரும், குழந்தையின் எடை தனி. இதை 60 செ.மீ. இடுக்கில் செய்யவே முடியாது. ஐரோப்பாவில் குழந்தை சீட்டுகளுக்கென்று வந்த புதிய ஐ-சைஸ் விதிப்படி குறைந்தது 15 மாதம்வரை குழந்தையைப் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வைக்க வேண்டும், பல பெற்றோர் அதற்கு மேலும் அப்படியே வைத்திருக்கிறார்கள், அது நல்லதும்கூட. ஆக இது ஒரு சில வாரங்களில் தீர்ந்துவிடுகிற சிரமம் இல்லை.

என் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். யாரையாவது சீட்டிலிருந்து நீங்கள் தூக்கி இறக்க வேண்டுமா? ஆமாம் என்றால் நிறுத்துங்கள். இல்லை என்றால் விட்டுவிடுங்கள். இதை வைத்துப் பார்த்தால் உங்கள் கேள்விகள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். காலி சீட்டோடு தனியாக வந்த அப்பா நிறுத்தக் கூடாது. தானே பெல்ட்டைக் கழற்றித் தானே இறங்குகிற ஒன்பது வயதுப் பையனுக்காக நிறுத்த வேண்டாம். ஒருவர் கடைக்குள் போய், இன்னொருவர் தூங்குகிற குழந்தையோடு காரிலேயே உட்கார்ந்திருக்கப் போகிறார் என்றால், அங்கேயும் கதவு திறக்கப் போவதில்லை, வேறு இடத்தில் நிறுத்தலாம். இதைப் பலர் யோசிப்பதே இல்லை, பிள்ளை உள்ளே இருக்கிறது, நமக்கு உரிமை இருக்கிறது என்று ஒரு மணி நேரம் அங்கேயே நிற்பார்கள், பக்கத்தில் ஒரு அம்மா கைக்குழந்தையோடு சுற்றிக்கொண்டிருப்பார்.

நேர்கோடு:

நிலாமதி சொன்ன அளவுகோல் நியாயமானது. ஆனால் நேரடியாகப் போய்ச் சொல்வது பற்றி எனக்கு வேறு கருத்து.

மாற்றுத்திறனாளிகளுக்கான இடமும் குடும்பப் பார்க்கிங்கும் ஒன்றல்ல. முன்னதற்குப் பல நாடுகளில் சட்டம் இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது, அபராதம் இருக்கிறது. குடும்பப் பார்க்கிங் பெரும்பாலான இடங்களில் கடை தன் சொந்த நிலத்தில், தன் வாடிக்கையாளர்களுக்காகத் தானே வைத்துக்கொண்ட ஏற்பாடு. போலீஸைக் கூப்பிட்டால் அவர்களுக்கு இதில் வேலை இல்லை. கடை நினைத்தால் அந்த வளாகத்தின் விதியை மீறியதாகச் சொல்லிக் கட்டணம் விதிக்கலாம், அவ்வளவுதான். வயது வரம்பும் கடைக்குக் கடை மாறும், ஓரிடத்தில் 5 வயதுக்குள் என்று போட்டிருப்பார்கள், இன்னோரிடத்தில் 12, பல இடங்களில் எதுவுமே இருக்காது, வெறும் படம் மட்டும்.

விதிவிலக்காக இத்தாலி இதைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. 2021-ல் சாலை விதிகளைத் திருத்தியபோது கர்ப்பிணிகளுக்கும் இரண்டு வயதுவரையுள்ள குழந்தையோடு வருபவர்களுக்கும் இளஞ்சிவப்பு நிற இடங்களை ஒதுக்க நகராட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். அதற்குத் தனி அனுமதி அட்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே யார் நிறுத்தலாம் என்பதில் சந்தேகமே இல்லை, அட்டை இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போயிற்று. மற்ற இடங்களில் அந்த அட்டை இல்லை என்பதுதான் எல்லாத் தகராறுக்கும் வேர்.

அட்டை இல்லாதபோது நீங்கள் பார்ப்பதை வைத்து மட்டும் முடிவுக்கு வர முடியாது. தனியாக இறங்கிப் போன பெண் கர்ப்பமாக இருக்கலாம், ஆறாம் மாதம்வரை சிலருக்கு வெளியே தெரிவதே இல்லை. கடைக்குள் மனைவியும் குழந்தையும் காத்திருக்க, அவர்களை ஏற்றிக்கொள்ள ஒருவர் தனியாக வந்திருக்கலாம், குழந்தை சீட் மனைவியின் கையில் இருக்கலாம். ஏற்றும்போதும் கதவு திறக்க வேண்டுமே! உங்களைத் தாண்டிப் போய் நிறுத்தியவர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை, அநேகமாக இல்லை. ஆனால் நூறு பேரில் ஒருவரை அநியாயமாக வெயிலில் நிற்க வைத்துக் கேள்வி கேட்பதற்கு எனக்கு மனம் வராது. விதி யாருடையதோ அவர்கள்தான் அதைக் காப்பாற்ற வேண்டும், கடையிடம் சொல்லுங்கள்.

மஞ்சள் சட்டை:

பெரிய கடை வளாகம் ஒன்றில் பார்க்கிங் ஆளாக வேலை பார்த்தவன் நான். இப்போது வேறு வேலை. எந்தக் கடை என்பதெல்லாம் வேண்டாம், எல்லா இடத்திலும் ஒரே கதைதான்.

குடும்பப் பார்க்கிங்கில் தப்பாக நிறுத்துகிறவர்கள் என்று பார்த்தால் மூன்று விதமானவர்கள் வருவார்கள். பெரும்பாலானவர்கள் படத்தையே கவனிக்காதவர்கள். தரையில் வரைந்த படம் தேய்ந்து போயிருக்கும், பலகை இருக்காது, காலியாக ஒரு இடம் தெரிந்தது, விட்டார்கள். இவர்களிடம் "சார், இது கைக்குழந்தையோட வர்றவங்களுக்கு, கொஞ்சம் அந்தப் பக்கம் போட்டுக்கிறீங்களா" என்றால் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுவார்கள், சிலர் மன்னிப்பும் கேட்பார்கள். அடுத்தது "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" ஆட்கள். தெரிந்தேதான் நிறுத்துவார்கள், ஆனால் உள்ளூர உறுத்தல் இருக்கும். "வாங்க, ஆனா இப்ப ஒரு அம்மா குழந்தையோட காத்துக்கிட்டிருக்காங்க" என்று கையை நீட்டி அந்தக் காரைக் காட்டினால் முக்கால்வாசிப் பேர் எடுத்துவிடுவார்கள். விதியைச் சொல்வதைவிட ஆளைக் காட்டுவது வேலை செய்யும், இது என் அனுபவம். மூன்றாவது வகை, தெரிந்து நிறுத்திவிட்டு "எங்க எழுதியிருக்கு, யார் சட்டம் போட்டது" என்று கேட்கிறவர்கள். எண்ணிக்கையில் குறைவு, ஆனால் அவர்களிடம் நீங்களும் ஜெயிக்க முடியாது, நானும் ஜெயிக்க முடியாது. மேனேஜர் வந்தால்தான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கும்போது அவர் எந்த வகை என்று உங்களுக்குத் தெரியாது. ஆகவே எல்லாரையும் முதல் வகை என்றே நினைத்துப் பேசுங்கள். அவர் இன்னும் காரிலிருந்து இறங்கவில்லை என்றால் ஒரு முறை, சாதாரண குரலில், "இது குடும்பப் பார்க்கிங், கவனிச்சீங்களா? நாங்க குழந்தையோட நிக்கறோம்" என்று சொல்லலாம். அதில் ஒரு தப்பும் இல்லை. அவர் கேட்கவில்லை என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டவரைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள். காரைக் குறுக்கே நிறுத்தி அடைப்பது, கண்ணாடியில் திட்டி எழுதிச் சொருகுவது, நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துப் போடுவது இதெல்லாம் வேண்டவே வேண்டாம். ஒரு வாய்த் தகராறு கைகலப்பாக மாறியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், இரண்டு பேர் காரிலும் பிள்ளைகள் இருந்தார்கள். உங்கள் மனைவி கையைப் பிடித்தது சரி.

கடையில் சொல்லும்போதும் பொதுவாகப் புகார் சொன்னால் பலன் இருக்காது. "குடும்ப இடத்துல குழந்தை இல்லாம ஒரு கார் நிக்குது, நாங்க வெளியே காத்துக்கிட்டிருக்கோம், கார் இந்தக் கலர், இந்த நம்பர்" என்று சொன்னால் மைக்கில் கூப்பிடுவார்கள். மைக்கில் நம்பர் கேட்டதும் வெளியே ஓடி வருகிறவர்கள் நிறைய. அதோடு, தேய்ந்த படத்தைத் திரும்ப வரையச் சொல்லி எழுதிக் கொடுங்கள். வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்தால்தான் அது நடக்கும், எங்களைப் போன்ற ஆட்கள் சொன்னால் நடக்காது.

இன்னொரு விஷயம் நிலாமதி அக்கா விட்டுவிட்டார். அகலம் மட்டுமில்லை, நடைபாதையும் முக்கியம். மூன்று வயதுப் பிள்ளையின் உயரம் ஒரு மீட்டருக்குப் பக்கம்தான் இருக்கும். ரிவர்ஸ் எடுக்கிற உயரமான காரின் பின்கண்ணாடியில் அந்தப் பிள்ளை தெரியவே தெரியாது. அமெரிக்காவில் 2018 மே முதல் எல்லாப் புதுக் கார்களிலும் பின்பக்கக் கேமரா கட்டாயம் என்று ஆக்கியது இந்த மாதிரி விபத்துகளுக்காகத்தான், பின்னால் நிற்கிற சின்னப் பிள்ளைகளைப் பெற்றவர்களே பார்க்க முடியாமல் போன சம்பவங்கள் அதற்குப் பின்னால் இருக்கின்றன. அதனால் குடும்ப இடத்தை நடைபாதையை ஒட்டி வைக்கிறார்கள், இறங்கியதும் வண்டி ஓடுகிற பாதையைக் கடக்காமல் கடைக்குப் போய்விடலாம். வாசல் பக்கத்தில் இருப்பது அதனால்தான். என்னைக் கேட்டால் வாசலிலிருந்து தள்ளி, ஒரு ஓரமாக, நடைபாதையை ஒட்டி, அகலமாக வைப்பதே நல்லது. தூரம் என்றால் சோம்பலுக்காக நிறுத்துகிறவர்கள் வர மாட்டார்கள், தேவை உள்ளவர்கள் வருவார்கள்.

மூத்த மகள்:

எனக்குக் குழந்தை இல்லை, ஆனால் நான் அந்த இடத்தில் நிறுத்துகிறேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். நடப்பார், கைத்தடி வைத்துக்கொண்டு மெதுவாக நடப்பார், அதனால் மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்கவில்லை. ஆனால் காரிலிருந்து இறங்குவது அவருக்குப் பெரிய வேலை. முதலில் உட்கார்ந்தபடியே முழுதாக வெளிப்பக்கம் திரும்ப வேண்டும், இரண்டு காலையும் ஒன்றாக வெளியே வைக்க வேண்டும், நான் எதிரே நின்று இரண்டு கையையும் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் எழுந்திருக்க முடியும். காலைச் சேர்த்து வெளியே வைக்கக் கதவு முழுதாகத் திறந்தாக வேண்டும். நிலாமதி சொன்ன அதே 60 செ.மீ. எங்களுக்கும் போதவில்லை. முன்பு ஒருமுறை ஒருவர் எங்களைப் பார்த்து "இது குழந்தைகளுக்கு" என்று சத்தமாகச் சொன்னார், அம்மா அன்றைக்குக் கடைக்குள்ளேயே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் வெகுநாள் வெளியே கூப்பிட்டாலே வேண்டாம் என்பார்.

குழந்தை இல்லாமல் நிற்கிற காரைப் பார்த்தால் கோபம் வருவது புரிகிறது. ஆனால் குடும்பம் என்றால் பிள்ளைகள் மட்டும்தானா? பெற்றவர்களும்தானே?

நேர்கோடு:

மூத்த மகள், நீங்கள் கேட்பது சரியான கேள்வி, சில இடங்களில் அதற்குப் பதிலும் கிடைத்திருக்கிறது. சியோல் நகரில் 2009 முதல் பெண்களுக்கென்று இளஞ்சிவப்புக் கோடு போட்ட இடங்கள் இருந்தன. 2023-ல் அந்த ஏற்பாட்டையே மாற்றிக் குடும்ப இடங்கள் ஆக்கினார்கள். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகளோடு வருபவர்கள், வயதானவர்கள் மூன்று தரப்பையும் அதில் சேர்த்தார்கள். ஓட்டுகிறவர் ஆணா பெண்ணா என்று பார்ப்பதை விட்டு, கூட வருகிறவருக்கு என்ன தேவை என்று பார்க்கிறது அந்த மாற்றம். எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஆனால் உங்கள் கடையில் போட்டிருக்கும் படம் குழந்தை படம் மட்டும் என்றால், கடையில் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் மறுக்கிற கடையை நான் பார்த்ததில்லை. யாராவது கேள்வி கேட்டால் "கடையில் சொல்லியிருக்கிறோம்" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம், அம்மாவும் தயங்க வேண்டியதில்லை.

நிலாமதி:

மூத்த மகள், தயவுசெய்து உங்கள் காரை அங்கேயே நிறுத்துங்கள். என் பிள்ளைகளுக்காக நான் கேட்கிற அகலம்தான் உங்கள் அம்மாவுக்கும் வேண்டியிருக்கிறது. அந்த இடத்துக்காக நான் ஒரு சுற்று அதிகமாகச் சுற்றுவது யாருக்காக என்றால் உங்கள் அம்மா மாதிரி ஒருவருக்காகவும்தான். "தூக்கி இறக்க வேண்டுமா" என்று எழுதினேன், "இறக்கிவிட வேண்டுமா" என்று அதை விரித்துக்கொள்கிறேன்.

ஓடைக்கரை:

ஒன்பது வயது விஷயத்தில் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் இன்னும் பூஸ்டர் சீட்டில்தான் உட்கார வேண்டும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 150 செ.மீ. உயரம் வரும்வரை, சில நாடுகளில் 135 செ.மீ. வரும்வரை. பூஸ்டரில் உயரமாக உட்கார்ந்திருக்கிற பிள்ளை பெல்ட் குத்துகிற இடத்தைத் தேடுவதற்குக் கதவு கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், இந்த வயதில் கதவைத் தானே திறப்பார்கள், வேகமாகத் திறப்பார்கள், பக்கத்து காரில் இடித்துவிடும். என் மகள் அப்படி ஒரு பெரிய கோடு போட்டு வைத்தாள், அதற்காக அந்தக் காரின் உரிமையாளரைத் தேடிக் கடை முழுக்க அலைந்தோம்.

ஆனாலும் நிறுத்த வேண்டுமா என்றால், அந்த இடங்கள் காலியாகக் கிடக்கிற காலை நேரத்தில் நிறுத்தலாம், கூட்டமான நேரத்தில் வேண்டாம் என்பேன். கூட்டமாக இருந்தால் ஓட்டுகிறவர் முதலில் இறங்கிப் பிள்ளையின் கதவை வெளியிலிருந்து பிடித்துக்கொண்டு திறந்துவிட்டால் போதும். பின்கதவுகளின் சைல்டு லாக்கைப் போட்டு வைத்தால் உள்ளேயிருந்து திறக்கவே முடியாது, எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான். அக்காவிடம் சண்டை போடாதீர்கள், இதை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

கைக்குழந்தை அப்பா:

எல்லாருக்கும் நன்றி. மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள், மூத்த மகள் எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் இருவருக்கும் வயதான பெற்றோர் இருக்கிறார்கள்.

இனி இறங்காதவரிடம் ஒரு முறை மட்டும் சொல்வது, அதற்கு மேல் கடையில் சொல்வது என்று வைத்துக்கொள்கிறோம். கடையில் படம் தேய்ந்திருப்பது உண்மை, ஒரு பக்கம் பாதி அழிந்தே போய்விட்டது, எழுதிக் கொடுக்கிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம் இருக்கிறது. அந்த இடத்திலிருந்து ஒரு குடும்பம் கிளம்பத் தயாராகும்போது நாங்கள் பின்னால் காத்திருப்போம். சில சமயம் பத்து நிமிடம் ஆனாலும் எடுக்க மாட்டார்கள், உள்ளே குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பிறகு தெரியும். காத்திருப்பது அவர்களை அவசரப்படுத்துகிற மாதிரி இருக்குமா? இன்னொன்று டிராலி. சாமான்களை ஏற்றிவிட்டு டிராலியைத் திரும்ப விடப் போகும்போது பிள்ளைகளைக் காரில் விட்டுவிட்டுப் போகலாமா?

மஞ்சள் சட்டை:

காத்திருக்கலாம், ஆனால் முட்டுகிற மாதிரி நெருங்கி நிற்காதீர்கள், இரண்டு கார் தள்ளி நில்லுங்கள், இண்டிகேட்டர் போட்டாலே போதும். ஹாரன் வேண்டாம். உள்ளே இருப்பவர் உங்களைப் பார்த்தால் பெரும்பாலும் கையைக் காட்டுவார், "போங்க, நேரமாகும்" என்றோ "இதோ" என்றோ. பால் கொடுக்கிறார் என்று தெரிந்தால் நகர்ந்துவிடுங்கள். உள்ளே இருக்கிறவருக்கும் ஒன்று சொல்வேன், பின்னால் ஆள் நிற்பதைப் பார்த்தால் உடனே கைகாட்டிவிடுங்கள், இல்லையென்றால் அவர்கள் பாவம் நின்றுகொண்டே இருப்பார்கள்.

டிராலிக்காகப் பிள்ளைகளைத் தனியாக விட்டுப் போக வேண்டாம். வெயிலில் மூடிய காரின் உள்ளே பத்தே நிமிடத்தில் சுமார் பத்து டிகிரி செல்சியஸ் ஏறிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் வராது. சின்னப் பிள்ளைகளின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூடாகும். நிமிஷத்தில் வந்துவிடுவோம் என்றுதான் எல்லாரும் போவார்கள். இருவர் போனால் ஒருவர் காருக்குப் பக்கத்திலேயே நிற்கலாம். தனியாகப் போனால் டிராலி விடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தப் பாருங்கள், குடும்பக் கட்டம் கிடைக்காத நாளில் அதுதான் அடுத்த நல்ல இடம், ஒரு பக்கம் கார் நிற்காது, அந்தப் பக்கக் கதவு முழுதாகத் திறக்கும். கைக்குழந்தை சீட்டை அந்தப் பக்கமே மாட்டி வையுங்கள். அதுவும் முடியாவிட்டால் பார்க்கிங் ஆளைக் கூப்பிட்டு டிராலியை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம், கைக்குழந்தையைக் காட்டிக் கேட்டவர்களிடம் நாங்கள் யாரும் முடியாது என்று சொன்னதில்லை.